கேயாசி இல்லாத தீவு



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று எல்லாரையும் வழியனுப்பிக்கொண்டிருந்தேன். நம் சபையின் சகோதரர் ஒருவர் கூட்டம் கலையும்வரை ஒதுங்கி நின்றார். அவருடைய பன்னிரண்டு வயது மகன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். கடைசி ஆளும் போனபின் அவர் அருகே வந்து, "ஐயா, இவன் போன்ல ஒரு கார்டு விளையாட்டு விளையாடுறான். தினம் பாக்கெட் பிரிக்கிறான். காசு கட்டினா இன்னும் நிறையப் பிரிக்கலாமாம், அதுக்கு என்கிட்ட அனுமதி கேக்கிறான். இது பாவமா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லிடுங்க" என்றார்.

எந்த விளையாட்டு என்பது இங்கே முக்கியமன்று. ஒரே வார்த்தையில் சொல்ல என்னால் இயலவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரம் ஐந்து வாரமாக நீண்டுவிட்டது. அந்தச் சகோதரருக்கு நான் கொடுக்க வேண்டிய பதிலைத்தான் இவ்வாரத் தியானமாக உங்கள் எல்லார் முன்பாகவும் வைக்கிறேன்.

முதலில் ஓர் அறிக்கை செய்ய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், வாலிபர் கூட்டம் ஒன்றில் போக்கிமான் அட்டைகளைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியவன் நான். அப்போது அவற்றில் ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்த்ததில்லை. யாரோ அச்சிட்டு அனுப்பிய துண்டுப்பிரசுரத்தை வாசித்துவிட்டு, பேய்களின் பெயர், மந்திரம், பரிணாமக் கொள்கை என்று அதிலிருந்தவற்றை அப்படியே ஒப்பித்தேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று நான் கண்டிக்க வேண்டியிருந்த காரியம் வேறொன்று. அதைக் கண்டுகொள்ள எனக்கு உதவியது ஒரு பழைய கையடக்க விளையாட்டுக் கருவி.

வெளிநாட்டில் வளர்ந்த என் அக்காள் மகன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், சிறுவயதில் ஒரு விடுமுறைக்கு வந்தபோது தன்னுடைய கேம் பாய் கலர் கருவியை எங்கள் வீட்டு அலமாரியில் மறந்துவிட்டுப் போனான். அதனுள் செருகியிருந்த கார்ட்ரிட்ஜ், போக்கிமான் அட்டை விளையாட்டை அந்தச் சிறு திரைக்குள் கொண்டுவந்த பதிப்பு. இரண்டு பேட்டரி போட்டேன், உயிர் வந்தது. அதைப் பற்றிச் சொல்லுமுன் அட்டைகளின் கதையைச் சற்றே சொல்லிவிடுகிறேன்.

சேகரித்துச் சேகரித்து ஆடும் அட்டை விளையாட்டு என்னும் வகை 1993-இல் அமெரிக்காவில் பிறந்தது. ரிச்சர்டு கார்ஃபீல்ட் என்ற கணிதவியலார் அமைத்த 'மேஜிக்: தி கேதரிங்' அதன் முதற்பேறு. அதுவரை சீட்டுக்கட்டு என்றால் ஒரு கட்டு வாங்கினால் எல்லாச் சீட்டும் கையில் வந்துவிடும். இதிலோ பொட்டலம் பொட்டலமாக வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று பிரிக்கும்வரை தெரியாது. அவ்விளையாட்டின் தொடக்ககால விதிகளில் பந்தயம் ஒன்றும் இருந்தது: ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் கட்டிலிருந்து ஓர் அட்டையைப் பணயமாக வைப்பார்கள், வென்றவர் அதை எடுத்துக்கொள்வார். பிற்பாடு அந்த விதி கைவிடப்பட்டது.

போக்கிமான் ஜப்பானில் பிறந்தது. சிறுவயதில் தோக்கியோவின் புறநகரான மாச்சிதாவில் பூச்சிகளைப் பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி, அந்த மகிழ்ச்சியைக் கேம் பாய் கருவிக்குள் கொண்டுவர விரும்பினார். 1996 பிப்ரவரியில் முதல் விளையாட்டுகள் வெளிவந்தன. அதே ஆண்டு அக்டோபரில் சுனேகாசு இஷிஹாராவும் அவருடைய குழுவினரும் அமைத்த அட்டை விளையாட்டு கடைக்கு வந்தது. அதில் ஒரு விதி என் மனத்தைத் தொட்டது. ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தம்முடைய 60 அட்டைகள் கொண்ட கட்டிலிருந்து ஆறு அட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறார்கள். அவற்றுக்குப் 'பரிசு அட்டைகள்' என்று பெயர். எதிராளியின் உயிரி ஒன்றை வீழ்த்தும்போதெல்லாம் ஒரு பரிசை எடுக்கலாம். யாருடைய பரிசை? தம்முடையதையே. ஒதுக்கி வைத்திருந்த தன் சொந்த அட்டைதான் திரும்பக் கைக்கு வருகிறது. பிறனுடைய பொருளில் ஒரு துண்டும் கைமாறுவதில்லை. ஆக, ஆட்டத்துக்குள் சூதாட்டம் இல்லை.

சூதாட்டம் கடையில் இருந்தது.

1999 ஜனவரியில் இவ்வட்டைகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. முதல் தொகுப்பில் 102 அட்டைகள். ஒரு பொட்டலத்தில் 11. அவற்றுள் ஒன்றுதான் அரிய வகை, அதுவும் எல்லாப் பொட்டலத்திலும் பளபளக்கும் வகையாயிராது. பிள்ளைகள் எல்லாருக்கும் நெருப்புமிழும் சாரிஸார்ட் வேண்டும். பள்ளிக்கூட மைதானங்களில் பெரிய பையன்கள் சிறியவர்களை ஏமாற்றி அட்டை மாற்றினார்கள். அழுகை, அடிதடி, திருட்டு என்று வளரவே பல பள்ளிகள் அட்டைகளைத் தடைசெய்தன. அதே ஆண்டு சான் டியேகோ நகரில் பெற்றோர் சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். அரிய அட்டையைச் சில பொட்டலங்களில் மட்டும் இட்டு, எதில் இருக்கிறதென்று சொல்லாமல் விற்பது பிள்ளைகளை வைத்து நடத்தும் சூதாட்டமே என்பது அவர்களுடைய வாதம்.

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளின் பேரிலும் இதே வகையான வழக்குகள் அக்காலத்தில் நிறைய இருந்தன. 2002-இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வகை வழக்குகளில் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: வாங்கியவர் காசு கொடுத்தார், பொட்டலமும் அரிய அட்டை கிடைக்கக்கூடும் என்ற வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தன, அந்த அட்டை இல்லாமற் போன ஏமாற்றம் சொத்துக்கு நேர்ந்த நஷ்டம் ஆகாது. சட்டத்தின்படி அது சரியாயிருக்கலாம்; நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் மேய்ப்பன் என்கிற முறையில் அந்தத் தீர்ப்பை இருமுறை வாசித்தேன். ஒரு குழந்தையின் ஏமாற்றத்துக்கு நியாயஸ்தலத்தில் விலை இல்லை. அதை உண்டாக்குகிறவருக்கோ அதனால் நல்ல விலை கிடைக்கிறது.

அந்நாட்களில் சபைகள் என்ன செய்துகொண்டிருந்தன? அமெரிக்காவில் சில போதகர்கள் போக்கிமான் பிசாசின் கருவி என்று பிரசங்கித்தார்கள். அட்டைகளை எரித்ததும் செய்தியாயிற்று. உயிரிகள் 'பரிணமிக்கின்றன' என்பதும், சிலவற்றுக்கு மனோசக்தி உண்டு என்பதும் குற்றச்சாட்டுகளாயின. ஒரு புழு கூடுகட்டிப் பட்டாம்பூச்சியாவதைத்தான் அந்த விளையாட்டு பரிணாமம் என்கிறது. நம் ஓய்வுநாள் பள்ளியில் உயிர்த்தெழுதலுக்கு அடையாளமாக அதே பட்டாம்பூச்சியைச் சுவரில் ஒட்டிவைக்கிறோம். 2001-இல் சவூதி அரேபியாவின் மார்க்க அறிஞர்கள் போக்கிமானைத் தடைசெய்தபோது, இது சூதாட்டத்துக்கு ஒப்பானது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன மற்றக் காரணங்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கல்லாப்பெட்டியை அவர்கள் பார்த்தார்கள். நம்மில் அநேகர், நானும் உட்பட, அட்டையில் வரைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு வருகிறேன்.

ஹட்சன் சாஃப்ட் நிறுவனமும் கிரியேச்சர்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இது ஜப்பானில் 1998 டிசம்பர் 18 அன்றும், அமெரிக்காவில் 2000 ஏப்ரலிலும் வெளிவந்தது. கதை எளியது. ஒரு சிறுவன். ஒரு தீவு. அங்கே அட்டை ஆடுவோரின் கழகங்கள் எட்டு: நீர், நெருப்பு, புல், பாறை, மின்னல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தன்மை. ஆய்வுக்கூடத்தில் ஒரு முதிய ஆய்வாளர் சிறுவனுக்கு ஆடக் கற்பித்து, மூன்று கட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி இலவசமாகக் கொடுத்தனுப்புகிறார். எட்டுக் கழகத் தலைவரையும், பின்பு நான்கு பெருந்தலைவரையும் வென்றால், தலைமுறையாகக் காத்துவரும் அரிய அட்டைகளுக்கு அவன் வாரிசாவான். இருநூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ளே இருக்கின்றன. விதிகளை இயந்திரமே கவனித்துக்கொள்கிறது, காசைச் சுண்டுவதும் அதுவே; ஆகவே கூட இருந்து சொல்லித்தர ஆளில்லாத பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம். நானே கற்றுக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

அந்தத் தீவு முழுவதையும் சுற்றிவந்தேன். கடை இல்லை. பணம் என்ற ஒன்றே அங்கில்லை. பொட்டலங்கள் இருக்கின்றன, நான்கு வகை, ஒவ்வொன்றிலும் 10 அட்டைகள், உள்ளே என்ன இருக்குமென்று தெரியாத அதே படபடப்பு; ஆனால் அவற்றை விற்பார் இல்லை. ஒருவரோடு ஆடி வென்றால் அவர் தம் கையாலே பொட்டலம் தருவார். மறுநாள் அதே ஆளிடம் போய் மறுபடியும் ஆடலாம், மறுபடியும் தருவார். தோற்றுவிட்டாலோ எதையும் பிடுங்கிக்கொள்ளமாட்டார். ஒரு வீட்டில் இஷிஹாரா என்றே ஒருவர் இருக்கிறார். அவர் தமக்கு வேண்டிய அட்டையைக் கேட்டு, பதிலுக்குத் தம்முடையதைக் கொடுக்கிறார். விளையாட்டை அமைத்தவர் தன் பெயரிலேயே அத்தீவில் ஒரு வீடு வைத்துக்கொண்டார் என்று நினைக்கும்போது சிரிப்பு வந்தது.

நாகமானின் கதை உங்களுக்குத் தெரியும் (2 இராஜாக்கள் 5). குஷ்டம் நீங்கியவன் காணிக்கையோடு திரும்பி வருகிறான். எலிசா ஒன்றும் வாங்க மறுக்கிறார். சுகம் விலையின்றிக் கொடுக்கப்பட்டது, காரியம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கேயாசி ரதத்தின் பின்னால் ஓடுகிறான். வெள்ளியும் வஸ்திரமும் கேட்டு, இலவசமாக வந்ததற்குப் பின்தேதியிட்டு ஒரு விலை வைக்கிறான். இந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த இரவுகளில் எனக்கு அடிக்கடி வந்த நினைவு அதுதான். காகித அட்டைகளின் உலகில் ஒவ்வொரு பொட்டலத்தின் பின்னாலும் கேயாசி ஓடிவருகிறான். அந்தத் தீவில் அவன் இல்லை.

ஆசை மட்டும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். மூன்றாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் பிரசங்கக் குறிப்பு பாதியில் நிற்க, இன்னும் ஒரு பொட்டலம், இன்னும் ஒரே ஒரு பொட்டலம் என்று பதினொன்றரை மணிவரை நெருப்புக் கழகத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பழைய கருவியின் திரைக்கு உள்விளக்கு கிடையாது, அதனால்தான் தூங்கினேன். கிடைக்காததைத் தேடுகிற வேட்கை பணம் இல்லாமலும் எழும். ஆனால் அதற்கு ஓர் அடிவானம் இருந்தது. ஆல்பத்தில் எத்தனை இடம் என்று எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். நிரம்பினால் நிரம்பியதுதான், அடுத்த மாதம் புதிய தொகுப்பு வந்து அதை மறுபடியும் வெறுமையாக்காது.

(கழகங்களின் முன்கூடத்தில் அவ்வப்போது இமாகுனி என்று ஒரு விசித்திர மனிதர் வந்து நிற்பார், இவரும் உண்மையில் உள்ள ஓர் இசைக்கலைஞரின் உருவமே. அவர் பெயரால் ஓர் அட்டை உண்டு. அதைப் போட்டால் எதிராளிக்கு ஒன்றும் ஆகாது, உங்களுடைய உயிரிக்கே குழப்பம் பிடித்துவிடும். எதற்கும் உதவாத அந்த அட்டையை வேடிக்கைக்காகவே வைத்த மனிதர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.)

இங்கே சிலர் என்னை மறுக்கக்கூடும். 'கார்ட்ரிட்ஜ் என்ன சும்மாவா வந்தது? அதற்கும் விலை கொடுக்கவில்லையா?' கொடுத்தார்கள். ஒருமுறை. உள்ளே இருப்பவை அனைத்துக்கும் சேர்த்து. ஒரு புத்தகத்தை வாங்குகிறவன் எல்லாப் பக்கங்களையும் வாங்குகிறான். கடைசி அத்தியாயத்துக்காக மறுபடி கடைக்குப் போவதில்லை. அடுத்த மறுப்பு இதைவிட வலுவானது: அந்தப் பெட்டிக்குள் உண்மையான காகித அட்டை ஒன்றையும் இட்டு விற்றார்கள். ஆகவே இது அட்டைகளுக்கான விளம்பரமே. தீவில் பசியைக் கிளப்பிவிட்டு, கடைக்கு அனுப்புகிற தந்திரம். இதை நான் ஒத்துக்கொள்கிறேன். வியாபாரிகள் அதை அறச்செயலாகச் செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் அறியாமலே ஒன்றை நமக்கு நிரூபித்துக் காட்டிவிட்டார்கள். விளையாட்டின் இன்பத்தில் ஒரு துளியும் குறையாமல், பொட்டலத்துக்கும் பிள்ளைக்கும் நடுவிலிருந்து பணத்தை அகற்ற முடியும். முடியாது என்று இனி யாரும் சொல்லக்கூடாது, 1998-இலேயே முடிந்தது.

தற்செயலே தீமை என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. சீட்டு, பகடை, குலுக்கல் எதுவும் ஆகாது என்பார்கள். வேதம் அவ்வளவு எளிதாகப் பேசவில்லை. யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர் சீட்டுப்போட்டார்கள் (அப்போஸ்தலர் 1). அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, சிலுவையின் அடியில் போர்ச்சேவகரும் சீட்டுப்போட்டார்கள். கையின் அசைவு ஒன்றே. ஒரு கூட்டத்தார் தங்களால் தீர்மானிக்கக் கூடாததைத் தேவனுடைய கையில் விட்டார்கள். மற்றக் கூட்டத்தார் சாகிறவனுடைய அங்கியைப் பங்கிட்டார்கள். ஆகவே எனக்குச் சுண்டிய காசைப் பற்றிக் கேள்வியில்லை. மேசையில் யாருடைய அங்கி கிடக்கிறது என்பதே கேள்வி.

இன்னொன்றும் அந்தக் கார்ட்ரிட்ஜில் உண்டு. இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனநிறைவு இராது.

என் ஆல்பத்தில் இரண்டு இடங்கள் எத்தனை பொட்டலம் பிரித்தும் நிரம்பவேயில்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. ஒரு வகை வீனஸாரும் ஒரு வகை மியூவும் எந்தப் பொட்டலத்திலும் கிடையாது. எந்தத் தலைவரை வென்றாலும் வராது. 'கார்டு பாப்' என்று ஒரு வசதி இருக்கிறது. இதே கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கும் வேறொருவரோடு எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு கருவிகளையும் ஒன்றையொன்று நோக்கி நீட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் இரண்டுக்கும் நடுவே போய்வரும். உடனே இருவருக்கும் ஆளுக்கோர் அட்டை புதிதாகக் கிடைக்கும். ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்குவதில்லை. இருவரும் பெறுகிறார்கள், ஒருவரும் இழப்பதில்லை. அந்த இரண்டு அட்டைகளும் இந்த வழியாகவே வரக்கூடும். அதே நண்பரோடு மறுபடியும் செய்யலாமென்றால் இயந்திரம் மறுக்கும். வேறோர் ஆளைத் தேடிப் போகவேண்டும்.

தனியே இருந்து எவ்வளவு திறமையாய் ஆடினாலும் நிரம்பாத இரண்டு இடங்களை, வேண்டுமென்றே ஒருவர் அமைத்து வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கான விளையாட்டில் இப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. 2014-இல் இதே விளையாட்டை நிண்டெண்டோ 3டிஎஸ் என்னும் புதிய கருவியில் மறுவெளியீடு செய்தார்கள். எல்லாம் அப்படியே இருந்தது, அகச்சிவப்புத் தொடர்பு மட்டும் வேலை செய்யவில்லை. ஆகவே அதை வாங்கி ஆடியவர்கள் நேர்வழியில் என்ன முயன்றும் அந்த இரண்டு இடங்களை நிரப்ப முடியாமற் போயிற்று. எதிரே உட்கார ஆள் இருந்தும் பயனில்லை.

இப்பொழுது நம் பிள்ளைகளின் கையில் இருப்பது வேறு. 2024 அக்டோபர் 30 அன்று 'போக்கிமான் டிசிஜி பாக்கெட்' என்னும் கைபேசிச் செயலி வெளியாயிற்று. அட்டைகள் அழகானவை, ஆட்டமும் சுருக்கமானது, 60-க்குப் பதில் 20 அட்டைகளே. நாளொன்றுக்கு இரண்டு பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஐந்து அட்டை, இலவசம். வென்று பெறவேண்டியதில்லை, ஆடக்கூட வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். காத்திருக்க மனமில்லையா, காசு கட்டலாம். மாதச் சந்தா கட்டினால் தினமும் இன்னொரு பொட்டலம். அண்டை வீட்டாரோடு அட்டை மாற்றிக்கொள்ளும் வசதி முதலில் இல்லை. 2025 ஜனவரியில் அது வந்தபோது, கையிலுள்ள வேறு அட்டைகளை அழித்து டோக்கன் சேர்த்தால்தான் ஓர் அரிய அட்டையை மாற்றலாம் என்று வைத்தார்கள். ஆடுவோர் பலமாகக் கண்டிக்கவே அந்த முறை பின்னர் மாற்றப்பட்டது. எதிரெதிரே நீட்டினால் இருவருக்கும் கிடைத்த அந்தப் பழைய ஏற்பாட்டை நினைத்துக்கொண்டேன். கேயாசி தீவுக்கே வந்து வீடு கட்டிவிட்டான்.

இது ஒரு செயலியின் குற்றம் மட்டும் அன்று. கைபேசி விளையாட்டுகளில் பெரும்பகுதி இன்று இந்த வழியில்தான் நடக்கிறது. இதன் தாயகமான ஜப்பானிலேயே 2012-இல் நுகர்வோர் விவகார முகமை, குறிப்பிட்ட சில பொருள்களைக் குலுக்கலில் ஒவ்வொன்றாகச் சேர்த்து முடித்தால் அரிய பரிசு என்னும் முறையைத் தடைசெய்தது. பெல்ஜியம் 2018-இல், பணம் வாங்கிக்கொண்டு உள்ளிருப்பது தெரியாத பெட்டியைத் திறக்கச் செய்யும் சில விளையாட்டுகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. உலகத்து அரசுகள் கல்லாப்பெட்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டன.

நாமோ? அறுப்பின் பண்டிகை விற்பனையில் நம் ஆலய வளாகத்தில் ஆண்டுதோறும் 'லக்கி டிப்' வைக்கிறோம். தவிட்டுக்குள் காகிதப் பொட்டலங்களைப் புதைத்து, பிள்ளைகள் காசு கொடுத்துக் கைவிட்டு எடுக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு மிட்டாய், ஒரு சீப்பு. எங்கோ ஒன்றில் கைக்கடிகாரம். அந்த மேசையில் நிற்கும் கூட்டம் வேறெந்த மேசையிலும் நிற்பதில்லை என்று கணக்கு வாசிக்கும்போது பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். இவ்வாண்டு அதைக் காசில்லாமல் நடத்தலாம், ஒரு வேதவினாவுக்குப் பதில் சொல்லும் பிள்ளைக்கு ஒரு பொட்டலம் என்று வைக்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். எல்லாருக்கும் சம்மதமில்லை. கட்டட நிதிக்கு வரும் தொகை குறையும் என்கிறார்கள், அது உண்மைதான். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் பேசுவேன்.

அந்தச் சகோதரரிடம் சென்ற ஞாயிறு மாலை அவர் வீட்டிலேயே உட்கார்ந்து பேசினேன். ஒரே வார்த்தை இன்னும் என்னிடம் இல்லை என்றேன். போக்கிமான் அட்டையைக் கண்டு பயப்படவேண்டாம் என்றேன். காசு கட்ட அனுமதிக்க வேண்டாம், சிறு தொகையானாலும் வேண்டாம் என்றும், கைபேசியில் பணம் செலுத்தும் வழியை இன்றே அடைத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். தினமும் இலவசமாக வருவதைப் பிரிக்கிறானென்றால், இரவு ஜெபத்துக்கு முன் உங்களோடு உட்கார்ந்து பிரிக்கட்டும்; என்ன வந்தது, எது வரவில்லை, வராதபோது மனம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை நீங்களும் அவனுக்குப் பதிலாகச் சொல்லுங்கள், ஏனென்றால் பங்குச்சந்தைச் செயலியை நீங்கள் எத்தனை முறை திறந்து பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

பையன் அதுவரை பேசாமலிருந்தவன், நான் எடுத்துச்சென்ற பழைய கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஐயா, இதுல பாக்கெட் எவ்வளவு?"

"காசு கிடையாதுப்பா. ஜெயிக்கணும்."

"தோத்துட்டா?"

"ஒண்ணும் போகாது. திரும்ப ஆடலாம்."

சற்றுநேரம் யோசித்தான். "அப்போ அவங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டான்.

கருவியை அவனிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். என் ஆட்டத்தை அழிக்காமல் தொடரலாம் என்று சொல்லியிருக்கிறேன். நெருப்புக் கழகத் தலைவரிடம் நான் நான்குமுறை தோற்றிருக்கிறேன், அவன் முயன்று பார்க்கட்டும். ஆல்பத்தில் அந்த இரண்டு இடங்களும் வெறுமையாகவே இருக்கின்றன. உங்களில் யாருடைய வீட்டு அலமாரியிலாவது, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் விட்டுச்சென்ற இதே கார்ட்ரிட்ஜும் கருவியும் இருந்தால், வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஆலயத்துக்குக் கொண்டுவாருங்கள். அவன் வாசலில் காத்திருப்பான்.